ஜெனரேட்டர் ஓடுது, இன்வெர்ட்டர் ஏன் எடுக்க மாட்டேங்குது?

ஈ.பி. லைன் போகாத வீடுகளில் ஒரு புகார் எப்போதும் ஒரே வார்த்தைகளில்தான் வரும். "ஜெனரேட்டர் நல்லா ஓடுது. நேரா பல்பு மாட்டினா எரியுது. இன்வெர்ட்டரும் நல்லா இருக்கு, பகல்ல சோலார்ல ஓடுது. ரெண்டையும் சேர்த்தாத்தான் பேட்டரி சார்ஜ் ஏற மாட்டேங்குது."

ஜெனரேட்டர் மெக்கானிக்கைக் கூப்பிட்டால் கயிற்றை இழுத்து ஓட்டிக் காட்டி, "என் மெஷின் பக்கா சார், இன்வெர்ட்டர்தான் போச்சு" என்பார். இன்வெர்ட்டர்காரரைக் கூப்பிட்டால் போர்டில் பச்சை விளக்கைக் காட்டி, "ஜெனரேட்டரை மாத்துங்க" என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவரவர் பெட்டியைத் தனியாக மட்டும் பார்க்கிறார்கள். தனியாகப் பார்த்தால் இரண்டுமே சரியாகத்தான் இருக்கும். நடுவில் மாட்டிக்கொண்டு நல்ல பொருளை மாற்றிப் பணத்தை விடுவது வீட்டுக்காரர்.

இந்தப் பிரச்சினையை என் சித்தப்பா வீட்டில் உட்கார்ந்து அளந்து பார்த்த குறிப்புகள்தான் இது. கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி பக்கம், காப்பித் தோட்டத்துக்குள் இருக்கிற வீடு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1400 மீட்டர் உயரம். கூரையில் 2 கிலோவாட் பேனல், கனமான டிரான்ஸ்ஃபார்மர் வைத்த 48 வோல்ட் சோலார் இன்வெர்ட்டர், 12 வோல்ட் 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரி நான்கு, 2.5 கேவிஏ என்று ஸ்டிக்கர் ஒட்டிய பெட்ரோல் ஜெனரேட்டர். ஐப்பசி, கார்த்திகையில் நாள்கணக்கில் மூடுபனி நிற்கும், பேனல் பேருக்குத்தான் வேலை செய்யும். ஃப்ரிட்ஜில் சித்தியின் இன்சுலின் இருக்கிறது. அதனால் அந்த மாதங்களில் ஜெனரேட்டர் பேட்டரியை ஏற்றியே ஆகவேண்டும். இன்வெர்ட்டர் போர்டை மாற்ற 18,000 ரூபாய் என்று ஒரு எஸ்டிமேட்டும் வந்திருந்தது.

போர்டு மாற்றவில்லை. தேவைப்படவும் இல்லை.

பழுது வேறு, மறுப்பு வேறு

இன்வெர்ட்டருக்குள் ஒரு வாசல்காவலர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வரும் மின்சாரத்தை அவர் சில நொடிகள் நின்று பார்ப்பார். வோல்டேஜ் எல்லைக்குள் இருக்கா? ஃப்ரீக்வென்சி 50 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் இருக்கா? அலை ஒழுங்கான வடிவத்தில் இருக்கா? இதெல்லாம் ஆடாமல் நிற்குதா? திருப்தியானால் ரிலேயை 'டக்' என்று தட்டி உள்ளே விடுவார், சார்ஜர் வேலையைத் தொடங்கும். ஏதாவது ஒன்று பிசகினாலும் மறுபடி 'டக்', கதவு சாத்தப்படும்.

ஆக, இன்வெர்ட்டர் சார்ஜ் எடுக்கவில்லை என்றால் பெரும்பாலும் அது கெட்டுப்போகவில்லை. எதையோ பார்த்து மறுக்கிறது. நாம் கண்டுபிடிக்க வேண்டியது அது எதை மறுக்கிறது என்பதை. அதற்கு முதல் துப்பு, மறுப்பு வரும் நேரம். ஜெனரேட்டரை ஓட்டிவிட்டு இன்வெர்ட்டர் பக்கத்தில் நின்று, கடிகாரத்தைப் பார்த்தபடி அந்த 'டக்' சத்தத்தைக் கேளுங்கள்.

ஒரு தடவைகூட 'டக்' வரவில்லை என்றால், சுமை ஏறுவதற்கு முன்பே எல்லைக்கு வெளியே இருக்கிறது என்று அர்த்தம். ஃப்ரீக்வென்சி கூடியிருக்கும், அல்லது மின்சாரமே இன்வெர்ட்டர் வரை வந்து சேரவில்லை (உள்வரும் பக்கத்து எம்சிபி, ஃப்யூஸ், பிளக்).

'டக்' என்று எடுத்து, சில நொடியில் விட்டு, அரை நிமிஷம் கழித்துத் திரும்ப எடுத்து, திரும்ப விட்டால், சுமை ஏறியதும் ஜெனரேட்டர் தாழ்கிறது. சார்ஜிங் கரண்ட் அதிகம், ஒயர் மெலிசு, அல்லது எஞ்சினுக்குத் தெம்பில்லை.

இருபது நிமிஷம், ஒரு மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு அப்புறம் நின்றால், சூடு அல்லது எரிபொருள்.

எடுத்துக்கொண்டது, நிலையாக நிற்கிறது, ஆனால் பேட்டரிக்குள் கரண்டே போகவில்லை என்றால், பிரச்சினை ஜெனரேட்டரில் இல்லை. பேட்டரி பக்கம், இல்லாவிட்டால் செட்டிங்.

சித்தப்பா வீட்டில் இரண்டாவது வகை. எட்டு நொடிக்கு ஒரு 'டக்', அப்புறம் மௌனம், திரும்ப 'டக்'. இதை ஒரு ராத்திரி முழுக்க விட்டுவைத்தால் ரிலேயின் முனைகள் தீய்ந்து, அப்போது உண்மையிலேயே போர்டு மாற்ற வேண்டி வரும்.

வேண்டிய சாமான்கள்

ஃப்ரீக்வென்சியும் காட்டக்கூடிய, 'ட்ரூ ஆர்எம்எஸ்' என்று எழுதிய மல்ட்டிமீட்டர் ஒன்று. அந்த இரண்டு வார்த்தைக்குக் கொஞ்சம் கூடுதல் காசு கொடுப்பது வீண் இல்லை. சாதா மீட்டர் அலையின் சராசரியை அளந்து, "இது சுத்தமான சைன் அலைதான்" என்ற நம்பிக்கையில் ஒரு கணக்குப் போட்டு எண் காட்டும். பழைய மாடிஃபைடு சைன் இன்வெர்ட்டரில் அது ஏமாந்துவிடும். 325 வோல்ட் உச்சத்தில் பாதி நேரம் நிற்கும் அலைக்கு உண்மையான மதிப்பு 230 வோல்ட். சாதா மீட்டர் 180 என்று காட்டும். "இன்வெர்ட்டர் 180தான் கொடுக்குது" என்று பதறுபவர்களில் பாதிப்பேர் மீட்டரைச் சந்தேகிக்க வேண்டியவர்கள்.

அடுத்து, ஒரு அயன் பாக்ஸ். 1000 வாட், 750 வாட் என்று இரண்டு இருந்தால் இன்னும் நல்லது. சோதனைக்கு இதைவிட நல்ல சுமை கிடையாது. அது வெறும் சூடேறும் கம்பி, குணம் மாறாது. தெர்மோஸ்டாட்டை முழுசாகத் திருகி வையுங்கள். நடுவில் தானாக அணைந்தால் அளவு குழம்பும். ஒரு நோட்டு, பேனாவும் வேண்டும். அளந்ததை எழுதாவிட்டால் அளக்காதது மாதிரிதான்.

முதல் சோதனை: ஜெனரேட்டர் தனியாக

இன்வெர்ட்டரைக் கழற்றிவிடுங்கள். சுமை இல்லாமல் ஓட்டி வோல்டேஜ், ஃப்ரீக்வென்சி இரண்டையும் எழுதுங்கள்.

சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர்கள் அநேகமாக இரண்டு துருவம் கொண்டவை. நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றினால் 50 ஹெர்ட்ஸ். சுமை ஏற ஏற எஞ்சின் கொஞ்சம் மந்தமாகும் என்பதால், கவர்னரைச் சுமையில்லாத நிலையில் 52 முதல் 52.5 ஹெர்ட்ஸ் வரை, அதாவது 3150 சுற்று வரை, வைத்திருப்பார்கள். முழுச் சுமையில் அது 50 பக்கம் வந்து நிற்கும். இது இயல்பு.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஃப்ரீக்வென்சி எஞ்சின் வேகத்தைப் பொறுத்தது. வோல்டேஜைப் பார்த்துக்கொள்வது ஏவிஆர் என்ற சின்ன எலக்ட்ரானிக் கட்டை. சில மலிவு மாடல்களில் அதற்குப் பதில் ஒரு கெப்பாசிட்டர். வோல்டேஜ் குறைகிறது என்று சொன்னால் சில மெக்கானிக்குகள் கவர்னர் ஸ்க்ரூவைத் திருகி வேகத்தைக் கூட்டிவிடுவார்கள். பல்பு பிரகாசமாகும், எல்லோருக்கும் சந்தோஷம். ஃப்ரீக்வென்சி 55க்குப் போயிருக்கும். இன்வெர்ட்டர் அன்றிலிருந்து கதவைத் திறக்காது. 'டக்' வராத கேஸ்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

எண் ஒரு இடத்தில் நிற்காமல் 49, 53, 50, 54 என்று ஆடினால், காதிலேயே கேட்கும்: எஞ்சின் மூச்சு வாங்குகிற மாதிரி ஏறி இறங்கும். பெரும்பாலும் கார்புரேட்டரில் ஜெட் அடைத்திருக்கும். மாதக்கணக்கில் தொட்டியில் கிடந்த பெட்ரோல்தான் காரணம். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அது ஈரத்தை இழுக்கும், நாள்பட நின்றால் பிசின் படியும். மழைக்காலம் முடிந்து ஜெனரேட்டரை ஓரங்கட்டும்போது பெட்ரோல் வால்வை மூடிவிட்டு, தானாக நிற்கும் வரை ஓட்டிவிட்டால் கார்புரேட்டர் காலியாகிவிடும். அடுத்த வருஷம் இந்தத் தொல்லை பாதி குறையும்.

எஞ்சின் நன்றாக ஓடுது, வோல்டேஜே இல்லை என்றால் அது வேறு கதை. பிரஷ் தேய்ந்திருக்கலாம், ஏவிஆர் போயிருக்கலாம், நெடுநாள் ஓடாமல் சுருளில் மிச்சக் காந்தம் இறங்கியிருக்கலாம். இதற்கு ஜெனரேட்டர் மெக்கானிக்தான் சரியான ஆள். கெப்பாசிட்டர் வைத்த மாடலாக இருந்தால் எஞ்சின் நின்ற பிறகும் அதில் ஷாக் அடிக்கும் அளவுக்குச் சார்ஜ் இருக்கும், கை வைக்காதீர்கள்.

சித்தப்பா ஜெனரேட்டர் சுமையில்லாமல் 236 வோல்ட், 52.4 ஹெர்ட்ஸ். ஆடவில்லை. இதுவரை மெக்கானிக் சொன்னது சரி.

இரண்டாவது சோதனை: அயன் பாக்ஸ்

1000 வாட் அயன் பாக்ஸைச் செருகியதும் 229 வோல்ட், 50.6 ஹெர்ட்ஸ். நல்ல எண்கள். கூடவே 750 வாட் ஒன்றையும் செருகினோம். எஞ்சின் குரல் கம்மியது. 212 வோல்ட், 47.1 ஹெர்ட்ஸ். ஆக, அந்த மெஷினின் நிஜமான தெம்பு 1600 வாட் சொச்சம்.

ஸ்டிக்கரில் 2.5 கேவிஏ என்று இருக்கிறதே? அந்த எண் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும் உச்சம். தொடர்ந்து ஓட்டும் அளவு மேனுவலில் தனியாக இருக்கும், இதற்கு 2.1. அதுவும் சமவெளிக் கணக்கு. மலையில் காற்று அடர்த்தி குறைவு, எஞ்சினுக்குள் போகும் ஆக்சிஜனும் குறைவு. தோராயமாக 100 மீட்டர் ஏறினால் 1 சதவீதத்துக்குச் சற்று மேல் சக்தி போகும். 1400 மீட்டரில் 15 சதவீதம் போச்சு. 2.1 என்பது 1.8 ஆனது. எஞ்சினுக்கு ஆறு வயது, இன்னும் கொஞ்சம் கழியும். மலைவீட்டுக்கு ஜெனரேட்டர் வாங்குபவர்கள் மதுரையிலோ திண்டுக்கல்லிலோ கடையில் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கினால் இந்த இடத்தில்தான் அடி வாங்குவார்கள்.

மூன்றாவது சோதனை: சார்ஜர் என்னும் சுமை

இப்போது இன்வெர்ட்டரின் செட்டிங்கைப் பார்த்தேன். சார்ஜிங் கரண்ட் 30 ஆம்பியரில் இருந்தது. கணக்குப் போடுவோம்.

30 ஆம்பியர் × 56 வோல்ட் = 1680 வாட். இது பேட்டரிக்குள் போவது. சார்ஜர் நூற்றுக்கு நூறு திறனில் ஓடாது; 85 சதவீதம் என்று வைத்தால் ஜெனரேட்டரிலிருந்து இழுப்பது ஏறக்குறைய 2000 வாட். கொடுக்கக்கூடியது 1600. மாட்டு வண்டியில் லாரி லோடு.

விஷயம் அதோடு முடியவில்லை. அயன் பாக்ஸ் அலையின் முழு நீளத்திலும் சீராகக் கரண்ட் எடுக்கும். டிரான்ஸ்ஃபார்மர், ரெக்டிஃபையர் வைத்த பழைய பாணி சார்ஜர் அப்படி இல்லை. அலை தன் உச்சத்தைத் தொடும் அந்தச் சின்ன நேரத்தில் மட்டும் ஒரே மடக்காகக் குடிக்கும். 230 வோல்ட் அலையின் உச்சம் 325 வோல்ட். ஒவ்வொரு உச்சியிலும் இந்த மடக்கு விழ, ஜெனரேட்டர் அலையின் தலை தட்டையாகிவிடும். பவர் ஃபேக்டர் 0.7 என்று எடுத்தால், அந்த 2000 வாட்டுக்கு ஜெனரேட்டர் 2800 விஏவுக்கு மேல் சுமக்க வேண்டும்.

இதனால்தான் "பல்பு மாட்டினா எரியுதே" என்பது சாட்சியே ஆகாது. பல்புக்குச் சராசரி போதும், சார்ஜருக்கு உச்சி வேண்டும். மீட்டரில் 218 என்று கௌரவமான எண் தெரியும், ஆனால் அலையின் தலை தட்டையாகியிருக்கும். வாசல்காவலர் அதைப் பார்த்துத்தான் கதவைச் சாத்துகிறார்.

கரண்டை 15 ஆம்பியருக்கு இறக்கினோம். 15 × 56 = 840 வாட்; ஜெனரேட்டர் பக்கம் 1000 வாட், 1400 விஏ. ஃப்ரிட்ஜும் விளக்கும் சேர்ந்தாலும் தாங்கும். 150 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு அதன் பத்தில் ஒரு பங்கான 15 ஆம்பியர்தான் பொதுவாகச் சொல்லப்படும் அளவும். 30 என்பது பேட்டரிக்கும் கூடுதல்தான்.

அடுத்த செட்டிங், உள்வரும் வோல்டேஜ் எல்லை. நம் ஊர் இன்வெர்ட்டர்களில் பொதுவாக இரண்டு நிலை உண்டு. 'யூபிஎஸ் மோடு' என்றால் சுமார் 180 முதல் 260 வரை. 'நார்மல்' அல்லது 'வைடு' என்றால் சுமார் 100 முதல் 290 வரை. மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும். யூபிஎஸ் மோடு கம்ப்யூட்டருக்காக வந்தது. அலையில் சின்னச் சுருக்கம் விழுந்தாலும் உடனே பேட்டரிக்குத் தாவும். ஜெனரேட்டருக்கு அவ்வளவு கறார் கூடாது. பின்பக்கம் ஒரு சுவிட்சோ, மெனுவில் ஒரு வரியோதான், மாற்ற ஒரு நிமிஷம். வெளிநாட்டு மாடல்கள் சிலவற்றில் இதற்கென்றே தனி அமைப்பு உண்டு. விக்ட்ரான் இன்வெர்ட்டர்களில் 'வீக் ஏசி இன்புட்' என்றும், உள்ளே எவ்வளவு ஆம்பியர் இழுக்கலாம் என்பதற்கு 'இன்புட் கரண்ட் லிமிட்' என்றும் இருக்கும்.

இந்த இரண்டு மாற்றத்துக்குப் பிறகு 'டக்' ஒரே ஒரு தடவை கேட்டது. சார்ஜ் ஏறியது. ஆனாலும் ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் கிளம்பும்போது மட்டும் இன்வெர்ட்டர் ஒருமுறை கைவிட்டது.

நான்காவது சோதனை: நடுவில் இருக்கும் ஒயர்

யாரும் பார்க்காத ஆள் இவர். ஜெனரேட்டர் கொட்டகை வீட்டிலிருந்து 40 மீட்டர் தள்ளி. சத்தத்துக்கும் புகைக்கும் அது சரியான தூரம். ஓடியிருந்தது 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர். போகவர 80 மீட்டர், கிட்டத்தட்ட 1 ஓம். 10 ஆம்பியர் போனால் 10 வோல்ட் வழியிலேயே காலி. சார்ஜர் உச்சியில் மடக்காக இழுக்கும்போது அந்த நொடித்துளியில் கரண்ட் இரண்டு மூன்று மடங்கு இருக்கும். அலையின் தலையில் 20, 30 வோல்ட் வெட்டு விழும்.

கண்டுபிடிப்பது சுலபம். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது ஜெனரேட்டர் முனையில் ஒரு அளவு, இன்வெர்ட்டர் முனையில் ஒரு அளவு. வித்தியாசம் 5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் ஒயரையும் இணைப்புகளையும் பாருங்கள். 4 சதுர மில்லிமீட்டர் கேபிளுக்கு மாற்றியதும் அதே 10 ஆம்பியருக்கு இழப்பு 4 வோல்ட்டுக்குள் வந்தது. கம்ப்ரஸர் பிரச்சினையும் அதோடு போயிற்று.

பேட்டரி பக்கம்

மறுப்பு உள்ளே வரும் மின்சாரத்தில் மட்டும் இல்லை. மோட்டார் போட்டால் 'லோ பேட்டரி' என்று கத்தி அணைவதும், சார்ஜ் ஏற்ற நினைத்தால் ஐந்தே நிமிஷத்தில் 'ஃபுல்' காட்டுவதும் இந்தப் பக்கத்துக் கோளாறுகள்.

அரை எச்பி மோட்டார் ஓடும்போது 500, 600 வாட்தான் இழுக்கும். கிளம்பும் நொடியில் அதைப் போல ஐந்து மடங்கு. 48 வோல்ட் பக்கத்தில் அது 70 ஆம்பியரைத் தொடும். நான்கு பேட்டரிக்கு எட்டு முனை, இன்வெர்ட்டரில் இரண்டு, ஆக பத்து இணைப்பு. பச்சை பூத்த, தளர்ந்த ஒரு இணைப்பில் 0.01 ஓம் இருந்தால் அங்கே 0.7 வோல்ட் விழும், 49 வாட் சூடாகும். பத்தும் அப்படி இருந்தால் 7 வோல்ட். 48 என்பது 41 ஆகி, இன்வெர்ட்டர் தன் 42 வோல்ட் எல்லைக்குக் கீழே பார்த்து அணைந்துவிடும். பேட்டரி நன்றாகத்தான் இருக்கும். 'பேட்டரி போச்சு' என்று நான்கையும் மாற்றிவிடுவார்கள்; புது லக், புது நட்டு போட்டதால் பிரச்சினை தீரும், பேர் மட்டும் புதுப் பேட்டரிக்குப் போகும்.

சுமை ஓடும்போது மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் கம்பத்திலும், மறுமுனையை அதன் மேல் இறுக்கிய லக்கிலும் வையுங்கள். நல்ல இணைப்பில் சில மில்லிவோல்ட் காட்டும். நூறு காட்டினால் கழற்றித் தேய்த்து இறுக்க வேண்டும். அப்படியே நான்கு பேட்டரியின் வோல்டேஜையும் தனித்தனியாக எழுதுங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிட அரை வோல்ட் கீழே இருந்தால் குற்றவாளி அது.

ஐந்து நிமிஷத்தில் 'ஃபுல்' காட்டுவது பேட்டரித் தட்டில் சல்ஃபேட் படிந்ததன் அடையாளமாக இருக்கலாம். வோல்டேஜ் சட்டென்று 57 தொடும், உள்ளே கரண்ட் போகாது. இதற்கு ஹைட்ரோமீட்டர்தான் சாட்சி. டியூபுலர் பேட்டரி முழுசாக ஏறினால் திரவ அடர்த்தி 1.240 பக்கம் இருக்க வேண்டும். வோல்டேஜ் 'ஃபுல்' என்று சொல்லி, ஹைட்ரோமீட்டர் 1.180 என்று சொன்னால், நம்ப வேண்டியது ஹைட்ரோமீட்டரை.

செட்டிங்கிலும் ஒரு கண் இருக்கட்டும். 'சோலார் மட்டும் சார்ஜ்' என்று வைத்திருந்தால் ஜெனரேட்டர் எவ்வளவு ஓடினாலும் பேட்டரிக்கு ஒன்றும் போகாது.

கொஞ்ச நேரம் ஓடி நிற்பது

இதில் மூன்றை மட்டும் பாருங்கள். பெட்ரோல் மூடியில் காற்றுத் துளை அடைத்திருந்தால் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகி எஞ்சின் நிற்கும். மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தமே ஆதாரம். ஆயில் குறைந்தாலோ, ஜெனரேட்டர் சாய்வாக நின்றாலோ ஆயில் சென்சார் தானாக நிறுத்திவிடும். மூன்றாவது, இன்வெர்ட்டரின் ஃபேன்: தூசி, சிலந்தி வலை. தோட்டவீடுகளில் பல்லியும் எறும்பும் சூடான போர்டைத் தேடி வரும். காற்று போகும் துளைகளில் கொசுவலைத் துண்டு ஒன்றைக் கட்டி, மாதம் ஒருமுறை தட்டிவிட்டால் போதும்.

நியூட்ரலும் எர்த்தும்

ஈ.பி. வீட்டில் நியூட்ரலைப் பூமியோடு கட்டும் வேலையைத் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் செய்துவிடும். இந்த வீட்டுக்கு டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. சின்ன ஜெனரேட்டர்களில் பல எந்தக் கம்பியையும் பூமியோடு கட்டாமல் மிதக்க விட்டிருக்கும். எர்த்துக்கும் ஒவ்வொரு கம்பிக்கும் இடையே அளந்தால் இரண்டிலும் 115 வோல்ட் போல ஏதோ காட்டும். இந்த நிலையில் ஷாக் அடித்தால் அணைக்க வேண்டிய ஆர்சிசிபி வேலை செய்யும் என்று நம்ப முடியாது. அதனால் நியூட்ரலை எர்த்தோடு கட்ட வேண்டும், ஒரே ஒரு இடத்தில் மட்டும். இரண்டு இடத்தில் கட்டினால் கரண்ட் எர்த் வழியாகச் சுற்றி ஆர்சிசிபி காரணமில்லாமல் விழும். சில இன்வெர்ட்டர்கள் உள்ளுக்குள்ளேயே இதை ரிலே மூலம் செய்யும் என்பதால், மேனுவலைக் கையில் வைத்துக்கொண்டு லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கொண்டு செய்யுங்கள். நீங்களே செய்துபார்க்கும் வேலை இல்லை இது.

உயிர் விஷயம்

ஜெனரேட்டரை இன்வெர்ட்டரின் வெளிவரும் பக்கத்திலோ, வீட்டு பிளக் ஒன்றிலோ செருகி ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். இன்வெர்ட்டர் அந்த நொடியே போகலாம், இரண்டு முனை பிளக் என்றால் கையில் பிடித்திருப்பவரும் போகலாம். நேராக வீட்டுக்குக் கொடுக்க வேண்டுமானால் நடுவில் ஆஃப் நிலை உள்ள சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வழியாகத்தான்.

மழை அடிக்கிறது என்று ஜெனரேட்டரை வராந்தாவுக்கு இழுக்கும் பழக்கம் இதைவிட மோசம். அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, தூக்கம் என்று தொடங்கி, தூங்கியவர் எழுந்திருக்கவே மாட்டார். ஜன்னல் திறந்திருப்பது போதாது. கதவு ஜன்னலிலிருந்து 20 அடிக்கு மேல் தள்ளி வைக்கச் சொல்கிறது அமெரிக்காவின் சிடிசி. கொட்டகைக்குக் கூரை போடுங்கள், சுவர் வைக்காதீர்கள்.

பேட்டரி அறைக்கும் காற்றோட்டம் வேண்டும். சார்ஜ் ஏறும்போது வரும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு தீப்பொறி போதும். முனையைக் கழற்றும் முன் சார்ஜையும் சுமையையும் நிறுத்துங்கள்.

எப்போது ஓட்டுவது

பலரும் சாயங்காலம் இருட்டியதும் ஓட்டுவார்கள். காலை ஐந்தரை மணிக்கு ஓட்டுவது லாபம். ராத்திரி செலவாகி பேட்டரி மிகக் காலியாக இருக்கும் நேரம் அதுதான். கொடுக்கும் கரண்டை முழுசாக வாங்கிக்கொள்ளும். ஈய-அமில பேட்டரி 80 சதவீதம் வரை வேகமாக ஏறும். கடைசி 20 சதவீதம் சொட்டுச் சொட்டாகப் பல மணி நேரம் இழுக்கும். அந்தச் சொட்டுக்கு பெட்ரோல் எரிப்பது வீண். அதை மூடுபனிக்குள்ளிருந்து வரும் மங்கல் வெயிலே பார்த்துக்கொள்ளும். எஞ்சினுக்கும் இது நல்லது, சுமையில்லாமல் நெடுநேரம் ஓடினால் கரி படியும்.

சித்தப்பா வீட்டுக் கொட்டகைத் தூணில் இப்போது ஒரு அட்டை தொங்குகிறது. சுமையில்லாமல் 236 வோல்ட், 52.4 ஹெர்ட்ஸ். 1000 வாட் அயன் பாக்ஸில் 229, 50.6. சார்ஜ் ஏறும்போது இன்வெர்ட்டர் முனையில் 224, 50.3. கீழே தேதி. எதாவது மாறினால் முதலில் அந்த மூன்று அளவையும் திரும்ப எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் வரி மாறியிருந்தால் ஜெனரேட்டர் மெக்கானிக், மூன்றாவது மட்டும் மாறியிருந்தால் ஒயர் அல்லது இன்வெர்ட்டர். யாரைக் கூப்பிடுவது என்று தெரிந்தாலே பாதிச் செலவு மிச்சம். உங்கள் வீட்டிலும் எல்லாம் நன்றாக ஓடுகிற ஒரு நாளில் இந்த மூன்று வரியை எழுதி மாட்டிவிடுங்கள். கெட்டுப்போன பிறகு அந்த எண்கள் கிடைக்காது.